விசா மறுத்த பிறகு கோர்ட் கேட்பது வேறு கேள்வி

ஆஸ்திரேலியாவில் பிள்ளைக்கு அகதி விசா மறுத்துவிட்டார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றுவிட்டது, இனி கோர்ட்தான் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் கையில் எப்போதும் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். மரணச் சான்றிதழ், ஊர் ஜி.எஸ். (கிராம சேவகர்) கொடுத்த கடிதம், ஃபாதர் எழுதித் தந்தது, இடிந்த வீட்டின் போட்டோ, இலங்கையில் யுத்தம் முடிந்த 2009க்கு முன்னால் எடுத்த குடும்பப் படம். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் போட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் பக்கத்தில் டைப்பிங், மொழிபெயர்ப்பு என்று உட்கார்ந்திருக்கிற எனக்கு அதுதான் பிழைப்பு. ஆனாலும் கோர்ட்டுக்குப் போகிற கட்டத்தில் வருகிறவர்களிடம் அந்தக் கட்டை வாங்கிக்கொள்வதில்லை. கோர்ட்டுக்கு வேண்டியது வேறொரு காகிதம், அதைத்தான் பெரும்பாலும் யாரும் கொண்டுவருவதில்லை. விசா கிடையாது என்று மேல்முறையீட்டை விசாரித்த தீர்ப்பாயம் எழுதியிருக்கிறதே, அந்தத் தீர்ப்பின் முழு நகல்.

இதை விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதி வைத்துவிட்டால் நாலு பேருக்குப் போய்ச் சேரும் என்றுதான் இந்தப் பதிவு. நான் வக்கீல் இல்லை. ஆஸ்திரேலிய வக்கீல்களுக்காகக் காகிதங்களை மொழிபெயர்த்து, அவர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே இருக்கிற குடும்பங்களுக்குச் சொல்லி, பதிலை அங்கே அனுப்பி, அப்படிக் கற்றுக்கொண்டது.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்திரேலியா விசாவைப் பற்றி எழுதுவானேன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இலங்கையிலிருந்து வந்து திரும்ப முடியாமல் போனவர்களை எங்கள் ஊருக்கு ரொம்ப நாளாகத் தெரியும். கண்டியின் கடைசி ராஜாவை இங்கே கோட்டையில்தான் சிறை வைத்தார்கள், 1832இல் இங்கேயே இறந்தார், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. இப்போது இருக்கிறவர்கள் மேல்மொணவூர் மாதிரி முகாம்களில் இருக்கிறார்கள். 2021 நவம்பரில் முதல்வர் ஸ்டாலின் வந்து அடிக்கல் நாட்டி, 2023 செப்டம்பரில் அங்கே புது வீடுகள் திறந்தார்கள். அகதி முகாம் என்ற பெயரும் போய் மறுவாழ்வு முகாம் ஆனது. வீடு வந்தது நல்ல விஷயம், உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் குடியுரிமை வரவில்லை. அதனால் ஒரு பிள்ளை இங்கே, ஒன்று மன்னாரில், ஒன்று மெல்போர்னில் என்று சிதறிக் கிடக்கிற குடும்பங்கள் நிறைய. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 தமிழர்களோடு ஒரு படகு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டதே, நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட ஒரு மாதம் அவர்களைக் கடலிலேயே சுங்கக் கப்பலில் வைத்திருந்தார்கள். அது சட்டப்படி சரியா என்ற வழக்கு அந்நாட்டின் ஹைகோர்ட் வரை போய் 2015 ஜனவரியில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அரசு ஜெயித்தது. அங்கே ஹைகோர்ட் என்றால் அதுதான் உச்சம், நம்ம ஊர் சுப்ரீம் கோர்ட் போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மேல்மொணவூரில் இருக்கும் ஒரு அக்காவின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அவருடைய மகன் கைக்குழந்தையாக இங்கே வந்து, வேலூரிலேயே படித்து வளர்ந்து, யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து அப்பாவின் காணியை மீட்கலாம் என்று மன்னாருக்குப் போனவன். போய்ப் பார்த்தால் காணியில் ராணுவம். மனு கொடுத்தான், ஊர்க்காரர்களோடு சேர்ந்து நின்று கேட்டான், விசாரணை என்று கூட்டிப்போனார்கள், வீட்டுக்கு ஆள் வந்து போனது. இலங்கை பாஸ்போர்ட் எடுத்து விசிட்டர் விசாவில் மெல்போர்ன் போய் அங்கே பாதுகாப்பு விசாவுக்கு, அதாவது 866 என்று சொல்கிறார்களே அதற்கு, விண்ணப்பித்தான். உள்துறை மறுத்தது. 28 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போனான். அங்கேயும் மறுத்தார்கள்.

அக்கா வந்தபோது அந்தக் கட்டு இருந்தது. மேலே மன்னார் ஃபாதரின் கடிதம். "தம்பி, இதையும் இங்கிலீசில போட்டுத் தாங்கோ, இதைப் பாத்தா கோர்ட்டில நம்புவாங்கள்" என்றார். ஃபாதர் அழகான கையெழுத்தில், பையனை ஞானஸ்நானம் கொடுத்த நாளிலிருந்து தெரியும் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தில் ஒரு பொய் கிடையாது. ஆனால் கோர்ட் அதைப் படிக்காது.

ஏன் படிக்காது என்பதை நம்ம ஊர் உதாரணத்தில் சொன்னால்தான் அக்காவுக்குப் புரிந்தது. பட்டாவில் தகராறு என்றால் தாசில்தார், அப்புறம் ஆர்.டி.ஓ., அப்புறம் டி.ஆர்.ஓ. இவர்கள் எல்லாரும் நிலம் யாருடையது, யார் அனுபவத்தில் இருக்கிறது, பத்திரம் என்ன சொல்கிறது என்று பார்ப்பார்கள். அங்கேயும் தோற்றுவிட்டு மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ரிட் போட்டால் ஜட்ஜ் நிலம் யாருடையது என்று முதலில் இருந்து விசாரிக்க மாட்டார். உனக்கு நோட்டீஸ் கொடுத்தார்களா, நீ சொன்னதைக் கேட்டார்களா, நீ கொடுத்த பத்திரத்தைப் பார்த்தார்களா, சட்டம் கேட்ட கேள்வியைத்தான் கேட்டார்களா, இதைத்தான் பார்ப்பார். தப்பு இருந்தால் உத்தரவை ரத்து செய்து, திரும்ப விசாரி என்று டி.ஆர்.ஓ.வுக்கே அனுப்புவார். ஆஸ்திரேலியாவிலும் உத்தரவை ரத்து செய்ய அதே செர்ஷியோராரி, திரும்ப விசாரிக்கக் கட்டளையிட அதே மாண்டமஸ். இரண்டு நாட்டுக்கும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்தது ஒரே சட்டப் பரம்பரைதானே.

அங்கே இந்த வழக்கு போகிற இடம் ஃபெடரல் சர்க்யூட் அண்ட் ஃபேமிலி கோர்ட், அதன் இரண்டாம் பிரிவு. குடும்பக் கோர்ட் என்ற பெயரைப் பார்த்துவிட்டுத் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம், அதுதான் இடம். அந்த ஜட்ஜ் உங்கள் பிள்ளை அகதியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார், விசா கொடுக்கிற அதிகாரம் அவருக்குக் கிடையாது. தீர்ப்பாயம் தன் அதிகார எல்லையை மீறித் தப்புச் செய்ததா என்பது ஒன்றுதான் அவர் முன்னால் இருக்கிற கேள்வி. அரசு இந்த வழியையே அடைக்கப் பார்த்தது. விசா முடிவுகளைக் கோர்ட்டில் கேள்வி கேட்கவே கூடாது என்கிற மாதிரி குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2003இல் எஸ்157 என்ற வழக்கில் ஹைகோர்ட், அதிகாரத்தை மீறி எடுத்த முடிவு சட்டத்தின் கண்ணில் முடிவே இல்லை, அதனால் அந்தப் பிரிவு அதைக் காப்பாற்றாது என்று சொல்லிவிட்டது. இன்றைக்கு நம்ம பிள்ளைகள் கோர்ட் வாசலை மிதிக்க முடிகிறது என்றால் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால் அக்காவிடம் தீர்ப்பைக் கேட்டேன். மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். என் மேசையில் வைத்து, அவன் லைனில் இருக்க, பாரா பாராவாகப் படித்துத் தமிழில் சொன்னேன். முன்பகுதியில் அவன் என்னென்ன காரணம் சொன்னான் என்று வரிசையாக எழுதியிருந்தது. பெரியப்பா இயக்கத்தில் இருந்தது, காணிப் போராட்டம், திருப்பி அனுப்பினால் ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள் என்ற பயம். மூன்று காரணம். அப்புறம் பெரியப்பாவைப் பற்றி நீளமாக ஆராய்ச்சி, அவ்வளவு நெருங்கிய தொடர்பு இல்லை என்று முடிவு. ஏர்போர்ட்டைப் பற்றி அவர்கள் வெளியுறவுத் துறை அறிக்கையிலிருந்து மேற்கோள் காட்டி, விசாரிப்பார்கள், அபராதம் போடுவார்கள், அதற்குமேல் ஆபத்தில்லை என்று முடிவு. கடைசிப் பாரா வரை வந்துவிட்டோம். காணியைக் காணோம்.

"அப்ப காணிக் கதையை அவங்கள் நம்பேல்லையோ?" என்று அக்கா கேட்டார்.

நம்பினோம் என்றும் எழுதவில்லை அக்கா, நம்பவில்லை என்றும் எழுதவில்லை, அதைத் தொடவே இல்லை என்றேன். லைனில் பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அண்ணா, அதைத்தானே நான் அதிக நேரம் சொன்னேன்" என்றான்.

கோர்ட்டில் நிற்கக்கூடிய வாதம் இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கிறது. ஒருவர் தெளிவாக முன்வைத்த, முடிவையே மாற்றக்கூடிய ஒரு காரணத்தைத் தீர்ப்பாயம் கவனிக்காமல் விட்டால் அது அதிகார மீறல் என்று அங்கே நிலைத்துப்போன சட்டம் இருக்கிறது. அவனுடைய வக்கீல் அதைத்தான் முதல் வாதமாக வைத்திருக்கிறார். கோர்ட் ஒத்துக்கொள்ளுமா என்பது தீர்ப்பு வந்தால்தான் தெரியும். அரசுத் தரப்பு, மொத்தமாகப் படித்தால் அதுவும் உள்ளடங்கிவிட்டது என்று வாதாடும்.

அக்காவுக்குக் கோபம் வந்த இடம் வேறு. அப்பா இறந்த தேதியை மகன் எழுத்தில் ஒரு மாதிரியும் நேர்காணலில் வேறு மாதிரியும் சொன்னான் என்று ஒரு பாராவில் எழுதி, அதனால் அவன் பேச்சை முழுதாக நம்ப முடியவில்லை என்று போட்டிருந்தார்கள். புருஷன் செத்த தேதியில் சந்தேகப்படுகிறார்களே என்று அவர் துடித்ததைப் பார்த்தவன் நான். மரணச் சான்றிதழை இப்போதே அனுப்ப வேண்டும் என்றார். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது தீர்ப்பாயத்தின் வேலை, கோர்ட் அதில் லேசில் கை வைக்காது. ஒரு வித்தியாசம் உண்டு. அந்தச் சான்றிதழைத் தீர்ப்பாயத்தில் ஏற்கெனவே கொடுத்திருந்து அவர்கள் பார்க்காமல் விட்டிருந்தால் அது வாதம். இப்போது புதிதாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது வாதம் இல்லை. அதனால் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது, எதை எப்போது கொடுத்தாய், கொடுத்ததற்கு ஈமெயில் இருக்கிறதா என்பதுதான்.

இதுபோல இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. 2006இல் ஹைகோர்ட் தீர்த்த ஒரு வழக்கு, எஸ்இஸட்பிஇஎல் என்று எழுத்துகளாலேயே அதற்குப் பெயர், வழக்குப் போட்டவர் ஈரான்காரர், கப்பல் மாலுமி. முதலில் மறுத்த அதிகாரி சந்தேகப்படாத சில விஷயங்களை வைத்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தீர்ப்பாயம் அவரை நம்பவில்லை. அது நியாயம் இல்லை என்று ஹைகோர்ட் சொன்னது. எதில் சிக்கல் என்று தெரிந்தால்தானே ஆள் பதில் சொல்ல முடியும்! அதேபோல 1999இல் பெரேரா என்ற இலங்கைக்காரரின் வழக்கில், மொழிபெயர்ப்பாளர் சரியில்லாததால் அந்த ஆள் தன் சாட்சியத்தைச் சொல்லவே முடியாமல் போனது என்று ஃபெடரல் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இந்த இரண்டிலும் குடும்பம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, இதற்கு முகாமில் இருக்கிறவர்களைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை. தீர்ப்பாயத்தின் விசாரணையை ஒலிப்பதிவு செய்வார்கள், அந்தப் பதிவை மனுதாரர் கேட்டு வாங்கலாம். வாங்கி, முழுதும் கேளுங்கள். பையன் தமிழில் சொன்னதும் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னதும் ஒன்றுதானா என்று ஆங்கிலம் தெரிந்த ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எத்தனையாவது நிமிஷம், எத்தனையாவது வினாடி, அவன் சொன்னது என்ன, இவர் சொன்னது என்ன என்று நோட்டில் எழுதுங்கள். சின்னச் சின்னத் தவறுகளைச் சேர்த்து ஒரு மூட்டையாக்கினால் பயனில்லை, அந்தத் தவறு தீர்ப்பில் எந்தப் பாராவில் அவனுக்கு எதிராகப் போனது என்று காட்ட வேண்டும். தப்பு நடந்திருக்காவிட்டால் முடிவு மாறியிருக்க வாய்ப்புண்டு என்று சொல்ல முடிந்தால்தான் கோர்ட் அசையும். அந்த வாய்ப்பு ரொம்பப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை என்று 2024இல் ஹைகோர்ட் மறுபடியும் தெளிவாக்கியது நமக்கு ஆறுதல்.

நாள் கணக்குக்கு வருகிறேன், இதில்தான் பிள்ளைகள் வீணாகிறார்கள். கோர்ட்டுக்குப் போக 35 நாள். தீர்ப்புக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து இல்லை, தீர்ப்பின் தேதியிலிருந்து. ஈமெயிலைப் பிரிக்காமல் ஒரு வாரம் விட்டால் அந்த வாரம் போனதுதான். விண்ணப்பத்தோடு ஒரு அஃபிடவிட், அதில் தீர்ப்பின் நகல் இணைக்க வேண்டும். 35 நாள் தாண்டிவிட்டால் கதவு மூடிவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள், கால நீட்டிப்புக் கேட்டு அதே விண்ணப்பத்தில் காரணத்தை எழுதலாம். ஏன் தாமதம், வழக்கில் சத்து இருக்கிறதா என்று இரண்டையும் பார்ப்பார்கள். கடைசி நாளன்று போடலாம் என்று இழுப்பது ஆபத்து, அங்கே சாயந்திரம் கோர்ட் அலுவலகம் மூடுகிற நேரம் நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம்கூட ஆகியிருக்காது.

அப்புறம் பிரிட்ஜிங் விசா, அதாவது முடிவு வருகிறவரை அங்கே தங்க விடுகிற தற்காலிக விசா. கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டாலே அங்கே இருக்க அனுமதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வராது. கையில் இருக்கும் பிரிட்ஜிங் விசாவுக்கு முடிவு தேதி இருக்கிறது, வழக்கை நிலுவையில் காட்டி அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாங்காமல் விட்டால் வழக்கு நடக்கும்போதே தடுப்பு முகாமில் போய் உட்கார வேண்டி வரலாம். திரும்ப ஒரு புது பாதுகாப்பு விசா விண்ணப்பம் போட்டுவிடலாம் என்பதும் நடக்காது, ஒரு தடவை மறுத்தால் அமைச்சர் அனுமதிக்காமல் நாட்டுக்குள் இருந்துகொண்டு இரண்டாவது தடவை போடச் சட்டம் விடாது.

செலவையும் மறைக்காமல் சொல்கிறேன். கோர்ட் கட்டணமே மூவாயிரம் டாலருக்கு மேல். கஷ்டத்தில் இருப்பதைக் காட்டினால் குறைத்துக்கொள்வார்கள், அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. தோற்றால் அமைச்சர் தரப்பு வக்கீல் செலவையும் கட்டச் சொல்வார்கள், அது பல ஆயிரம் டாலர். அங்கே லைசென்ஸ் உள்ள மைக்ரேஷன் ஏஜென்ட்கூட வக்கீலாக இல்லாவிட்டால் கோர்ட்டில் ஆஜராக முடியாது. வழக்குப் போடுகிற வக்கீலும், இதில் ஜெயிக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று எழுத்தில் சான்று கொடுக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான், "கோர்ட்டில் போட்டுவிட்டால் நாலு வருஷம் கவலையில்லை, காசு மட்டும் அனுப்புங்க" என்று போனில் பேசுகிற ஆட்கள்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். தோடு, சங்கிலி அடகு வைத்து அந்த மாதிரி ஒரு ஆளுக்கு அனுப்பின குடும்பம் எனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் அந்த ஆள் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு வரி, தீர்ப்பாயம் என்னை நம்பவில்லை, அது அநியாயம் என்று. எந்தப் பாரா, என்ன தப்பு, ஒன்றும் இல்லை. அப்படி ஒரு காகிதத்தை வைத்து ஜட்ஜ் என்ன செய்ய முடியும்? காசு வாங்காமல் உதவுகிற இடங்கள் இருக்கின்றன. மெல்போர்னில் அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்டர், ரெஃப்யூஜி லீகல், சிட்னியில் ஆர்.ஏ.சி.எஸ். (ரெஃப்யூஜி அட்வைஸ் அண்ட் கேஸ்வொர்க் சர்வீஸ்). எல்லார் வழக்கையும் அவர்களால் எடுக்க முடியாது, கூட்டம் அதிகம், ஆனாலும் முதலில் கதவைத் தட்ட வேண்டிய இடம் அது. தீர்ப்பு வந்த அன்றைக்கே தட்ட வேண்டும்.

ஜெயித்தால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வழக்கு தீர்ப்பாயத்துக்கே திரும்பிப் போகும், சட்டப்படி மறுபடி விசாரிப்பார்கள், மறுபடியும் மறுக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது விசாரணையில் புது ஆதாரம் கொடுக்கலாம். ஃபாதரின் கடிதத்துக்கு அப்போது வேலை வரும், அதனால் கிழித்துப்போடாமல் பத்திரமாக வையுங்கள் என்றுதான் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டில் மொழிபெயர்ப்பவர் தன் பெயர், முகவரி, போன் நம்பர், தகுதி எல்லாம் ஆங்கிலத்தில் கீழே எழுத வேண்டும் என்பது அங்கத்திய விதி, அதையும் சேர்த்தே செய்து தருவேன். தோற்றால் 28 நாளுக்குள் ஃபெடரல் கோர்ட்டில் அப்பீல். அதற்கும் அப்பால் அமைச்சரின் தனி அதிகாரம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆஸ்திரேலியாவில் பிலோயீலா என்ற ஊரில் இருந்த, இலங்கைக்குத் திருப்பி அனுப்பப் பார்த்த தமிழ்க் குடும்பத்தின் கதை முகாமில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் போராடினார்கள் ஜெயித்தார்கள் என்று மட்டும் தெரியும். அதில் கோர்ட் பங்கை உற்றுப் பார்க்க வேண்டும். தாய் தகப்பன் வழக்குகள் கடைசி வரை போய்த் தோற்றுத்தான் போயின. 2019 ஆகஸ்டில் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள், கோர்ட் தடையால் டார்வினில் இறக்கினார்கள். கடைசியில் பிடி கிடைத்தது சின்ன மகளின் விண்ணப்பத்தில். அமைச்சர் தரப்பு அந்தக் குழந்தையின் விஷயத்தைப் பரிசீலித்தபோது குடும்பத்துக்குச் சொல்லாமல், பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் செய்தார்கள் என்று 2020 ஏப்ரலில் ஃபெடரல் கோர்ட் சொன்னது, 2021 பிப்ரவரியில் அப்பீலிலும் அது நின்றது. அவர்கள் அகதிகள் என்று கோர்ட் ஒருபோதும் சொல்லவில்லை. ஆட்சி மாறி, 2022 ஆகஸ்டில் அமைச்சர்தான் நிரந்தர விசா கொடுத்தார். கோர்ட் செய்தது அவர்களை அதுவரை அந்த மண்ணில் நிறுத்தி வைத்தது. அது எவ்வளவு பெரிய உதவி என்பது அந்த இரண்டு பெண் குழந்தைகளைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

வேலூர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. இந்தியாவில் இத்தனை வருஷம் இருந்தாயே, அங்கேயே திரும்பிப் போகலாமே என்று முகாம் பிள்ளைகளிடம் ஆஸ்திரேலியாவில் கேட்கிறார்கள். வேறொரு நாட்டில் போய்த் தங்க உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்தாதவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியதில்லை என்று அவர்கள் சட்டத்தில் இருக்கிறது, 36ஆம் பிரிவு. கேள்வி புரிகிறது. ஆனால் இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. முகாமில் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குத் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கு என்று மத்திய அரசு 2025 செப்டம்பரில் உத்தரவு போட்டது, அதுவும் இங்கே இருப்பவர்களுக்கு. அனுமதி வாங்கி இலங்கைக்குப் போய்விட்டவருக்குத் திரும்பி வந்து தங்க உரிமை என்று எதுவும் இல்லை. இதைக் காட்ட முகாம் அடையாள அட்டை, வெளியேறும்போது கொடுத்த பெர்மிட் நகல் எல்லாம் வேண்டும். இந்தக் காகிதங்கள் மட்டும் தீர்ப்பாயக் கட்டத்திலேயே கட்டாயம் போய்ச் சேர வேண்டும், கோர்ட் கட்டத்தில் அனுப்பினால் காலம் கடந்தது. யாருக்காவது விசாரணை இனிமேல்தான் என்றால் இன்றைக்கே தேடி எடுங்கள்.

இன்னொன்று. பிள்ளையின் பெயரை, போட்டோவை, வழக்கு விவரத்தைச் சேர்த்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். பாதுகாப்பு விசா கேட்டவரின் பெயரைக் கோர்ட்டே வெளியிடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, தீர்ப்பில் மூன்று எழுத்தும் ஒரு எண்ணும்தான் இருக்கும். கோர்ட் மறைத்து வைக்கிற பெயரைச் சித்தப்பா வாழ்த்துச் சொல்லிப் போட்டுவிட்டால் இலங்கையில் யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது.

அக்கா மகனின் வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை, அங்கே இந்த வழக்குகள் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. பிரிட்ஜிங் விசா வாங்கிவிட்டான், வேலைக்குப் போகிறான். ஒலிப்பதிவைக் கேட்கிற வேலை இப்போது நடக்கிறது. முகாமிலேயே காலேஜ் படிக்கிற ஒரு பெண் கேட்டு நிமிஷக் கணக்கோடு எழுதித் தருகிறாள், நான் சரிபார்த்து வக்கீலுக்கு அனுப்புகிறேன். காணியைப் பற்றி அவன் பேசின பகுதி நீளமாக இருக்கிறது, விசாரித்த தீர்ப்பாய உறுப்பினர் அதில் கேள்விகூடக் கேட்டிருக்கிறார். அதைத் தனியாகக் குறித்து அனுப்பியாயிற்று.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இருக்கிற யாராவது இதே நிலையில் இருந்தால் வாருங்கள். வரும்போது தீர்ப்பு நகலின் எல்லாப் பக்கங்களும் வேண்டும், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் போட்டோ எடுத்து வந்தால் ஒன்றும் பார்க்க முடியாது. தீர்ப்பு இன்னும் பிள்ளையின் ஈமெயிலிலேயே இருக்கிறது என்றால் முதலில் அதன் தேதியைக் கேட்டு போனில் சொல்லுங்கள்.